பச்சை அந்தோணியார்

அந்தோணிதாஸின் வீட்டுக் கேட், கோழிக்கூடு, பழைய மோட்டார் சைக்கிள் மூன்றும் ஒரே நிறம். அந்த நிறத்துக்கு எந்தப் பெயிண்டுக் கடையிலும் பெயர் கிடையாது. மிச்சமான பெயிண்ட் எதுவானாலும் ஒரே வாளியில் ஊற்றிக் குச்சியால் கிண்டுவது அவர் வழக்கம். உள்ளே சிவப்பு போகும், பச்சை போகும், நீலம் போகும். வெளியே வருவது மழை பெய்த தோட்டத்துப் பாதை. "அழுக்குத் தெரியாத கலர்லா," என்பார் பெருமையாக. அழுக்கே அந்தக் கலரில்தான் இருக்கும் என்பதால் யாரும் மறுப்பதில்லை.

வயது ஐம்பத்து மூன்று. அறுவடைக் காலத்தில் சுங்கை பஞ்சாங்கிலிருந்து நெல் லோரி ஓட்டுவார். மற்ற மாதங்களில் செம்பனைக் குலை. வாய்க்கால் ஓரமாக லோரியை ரிவர்ஸ் எடுப்பதில் அவரை மிஞ்ச தஞ்சோங் காராங் பக்கம் ஆள் இல்லை. சட்டைக்கு ஏற்ற பேண்ட் எடுப்பதில் அவரை விட மோசமான ஆளும் இல்லை. இப்படிப்பட்டவர், கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடும் அகதாவைக் கட்டிக்கொண்டது கடவுளின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் அகதாவுக்கு முட்டியில் ஆபரேஷன். கதவுக்கு வெளியே நின்ற தாஸ், தன் பெயருக்குச் சொந்தக்காரரான புனித அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டார். "என் பொண்டாட்டி தேருக்குப் பின்னால கம்பு ஊணாம நடக்கிற அளவுக்கு வந்துட்டா, அந்தத் திருவிழாவுக்கே உம்ம சுரூபத்துக்கு என் கையால பெயிண்ட் அடிக்கிறேன்." என் கையால என்று சொன்னதுதான் வினை. அவர்கள் குடும்பத்தில் நேர்த்தி என்றால் நேர்ந்தவர் கைதான் படவேண்டும். வேறு கை பட்டால் செல்லாது.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துச் சிற்றாலயத்தில் சிலையாக நின்ற சுரூபம் புதன்கிழமையே தாஸ் வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டது. அந்தோணியாரின் அங்கி காப்பி நிறம். கடையில் காப்பி நிறம் இல்லை. தாஸ் கலங்கவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து டின் வாங்கி வந்து, முதல் மூன்றிலும் கொஞ்சம் வாளியில் ஊற்றிக் கிண்டினார். அப்பழுக்கில்லாத துறவி அங்கி! முப்பது வருஷமாகத் தாஸ் தயாரித்து வந்த சேறு, கடைசியில் அதன் உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தது.

அதில் வந்த தலைக்கனத்தோடு வெள்ளிக்கிழமை முகத்தில் கை வைத்தார்.

ஒரு டப்பாவில் வெள்ளையோடு சிவப்பு கலந்து பூசினார். அந்தோணியார் அவித்த இறால் போல ஆனார். மஞ்சள் சேர்த்தார். மஞ்சள் காமாலை. "கொஞ்சம் மாநிறமாக்கலாம்," என்று கறுப்பை ஊற்றினார். முகம் பச்சையானது. இன்னும் கறுப்பு. இன்னும் பச்சை. கையிலிருந்த குழந்தை இயேசுவுக்கும் அதே கதி. பெத்தாய்க் கொட்டையின் பச்சை நிறத்தில் இருவரும் தாஸைப் பார்த்துச் சாந்தமாகச் சிரித்தார்கள்.

"கறுப்பு டின்னுல பச்சையக் கலந்து வித்துட்டான்லா!" என்று கத்தினார் தாஸ்.

முட்டியை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்த அகதா வாயைத் திறந்தாள். "மஞ்சள்ல கறுப்பு போட்டா..."

"பேசாத! நீ சொன்னா அது உன் வேலையாயிரும். நேர்த்தி கெட்டுரும்."

சாயங்காலம் கோயில் கமிட்டித் தலைவர் ரெய்மண்ட் வந்தான். சுரூபத்தைச் சுற்றி ஒரு சுற்று நடந்தான். "தாஸ் அண்ணே, போட்ல ஏறி வாந்தி எடுத்த மாதிரி இருக்காரே."

"காயலப்பா. காஞ்சா சரியாயிரும்."

"காஞ்சிருச்சுண்ணே. பாருங்க, நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். இதே மாதிரி இருந்தா, பக்கத்துக் கோயில்ல ஒரு சுரூபம் இரவல் சொல்லி வச்சிருக்கேன். அதான் தேர்ல ஏறும்."

அவன் போனபிறகு தாஸ் சுரூபத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். இரவல் அந்தோணியார் தேரில் ஏறினால் நேர்த்தி போச்சு. நேர்த்தி போனால்? அவர் பார்வை அகதாவின் முட்டிக்குப் போனது. இரண்டு வாரமாகத்தான் அது மடங்குகிறது.

அகதாவுக்குப் புரிந்தது. "ஏங்க, பிசியோக்காரி எனக்கு என்ன பண்ணா?"

"சொல்லிக் குடுத்தா."

"நடந்தது யாரு?"

"நீதான்."

"அப்ப வாய் கணக்குல வராது. காலையில வெளிச்சம் வரட்டும். டியூப் லைட்டுல கலர் பாக்கக்கூடாது, கல்யாணப் பொண்ணு பேய் மாதிரி ஆயிரும்."

சனிக்கிழமை ஏழு மணிக்கு அகதா ஒரு தட்டோடு வந்தாள். அதில் வட்டமாக ஆறு சாமான்: சிவப்பு மிளகாய், காரட், மஞ்சள் கிழங்கு, பச்சைப் பாண்டான் இலை, நீலச் சங்குப்பூ, கத்தரிக்காய்.

"இது சாம்பாருக்கா?"

"மூஞ்சிக்கு. மிளகாய், மஞ்சள், சங்குப்பூ மூணும் அசல். பக்கத்துப் பக்கத்து ரெண்டு சேந்தாதான் நடுவுல இருக்கிறது வரும். இப்ப மிளகாய்க்கு எதிர்ல யாரு?"

"பாண்டான்."

"எதிர்ல இருக்கிறது ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடக்கும். பொண்ணுக்குப் பரு சிவந்திருந்தா நான் பச்சை வச்சு அமுக்குவேன். கண்ணுக்குக் கீழ நீலம் பாரிச்சிருந்தா ஆரஞ்சு. உங்க சாமிக்குப் பச்சை ஏறிப்போச்சு. என்ன வைக்கணும்?"

தாஸ் தட்டை முறைத்தார். லோரியை ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் அதே முகச்சுளிப்பு. "மிளகாய்!" என்றார்.

"மிளகாய வைக்காதீங்க, சிவப்பு டின்ன எடுங்க. ஐயோ, ஊத்தாதீங்க! கரண்டி நுனியில!"

நேற்றைய டப்பாவில் மிச்சமிருந்த பச்சை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒருமுறை செங்கல்லானது. வெள்ளை ஒரு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு. டப்பாவுக்குள்ளே ஒரு மனிதத் தோல் மெல்லத் தென்பட ஆரம்பித்தது.

"சரியான்னு எப்படித் தெரியும்?"

"தாடையில தொட்டு வச்சுப் பாக்கணும். கை வெயில் பட்டுப் பட்டுப் பொய் சொல்லும்."

தாஸின் தாடையில் மூன்று நாள் தாடி. தூரிகையோடு திகைத்து நின்றார். அகதா முகத்தைத் திருப்பித் தன் தாடையைக் காட்டினாள்.

"இது உதவி பண்ற மாதிரி ஆயிராதா?"

"தாடைக்குக் கையா இருக்கு?"

முதல் தீற்றல் தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டுச் சிவப்பு. மறுபடி தெரிந்தது. ஐந்தாவது தீற்றல் வைத்ததும் தாஸ் குனிந்தார், நிமிர்ந்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "எங்க வச்சேன்?"

"அப்பச் சரி. போய் அடிங்க."

பத்து மணிக்கு வந்த ரெய்மண்ட் மறுபடி ஒரு சுற்று நடந்தான். "என்னண்ணே, நம்ம ஆளு மாதிரி இருக்காரு."

"வேற யாரு ஆளாம்?"

ரெய்மண்ட் போனை எடுத்து இரவல் சுரூபத்தை வேண்டாம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தேர் செம்பனை மரங்களுக்கு நடுவே போனது. பின்னால் அகதா கம்பில்லாமல் நடந்தாள். ஆரஞ்சுச் சட்டையும் ஊதா பேண்ட்டுமாக வந்த தாஸ் தேரைப் பார்க்கவில்லை. அவள் முட்டியைப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு முறை ரெய்மண்டின் செருப்பை மிதித்தார். சாமி முகம் யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். யார் என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அகதா சிரித்தபோது அவள் தாடையில் ஏதோ உரிந்து நின்றது. தாஸ் நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்தார். காய்ந்த பெயிண்ட், ஐந்து காசு அளவு.

"நேத்துலேருந்தா இருந்துச்சு?" அகதா அலறினாள். "கண்ணாடி பாத்துத்தானே பவுடர் போட்டேன்! ஊரே பாத்திருக்கும்!"

"ஒருத்தரும் பாக்கல," என்றார் தாஸ். அந்தச் சின்ன உரிசலைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்தவராய் அவள் பக்கம் சாய்ந்தார்.

"டப்பால பாதி மிச்சம் இருக்கு. கேட்டுக்கு அடிச்சிரவா?"

"என் மூஞ்சியக் கொண்டு போய்க் கேட்டுல அடிப்பீங்களா?"

தாஸ் யோசித்தார். "சரி, கோழிக்கூட்டுக்கு?"