பூட்ஸுக்குப் பாவாடை

ஊரில் மற்றவர்களெல்லாம் முகத்தைப் பார்த்து வியாபாரம் செய்கிறார்கள். செருப்புக் கடைக்காரர்கள் நாங்கள் காலைப் பார்த்துச் செய்கிறோம். முகம் "எனக்கு ஆறு நம்பர் போதும்" என்று சாதிக்கும். கால் எட்டு என்றால் எட்டுதான், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. குனிந்து குனிந்து டப்பா எடுத்து, "இன்னும் ஒண்ணு காட்டுங்க" என்பதைக் கேட்டு இடுப்பு ஒடிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள் என்று தெரியும்.

என் கணவருக்குச் சிதம்பரம் தெற்கு வீதியில் கடை. வீடு கடலூரில். தினம் பஸ்ஸில் போய் வருவார். சுனாமிக்கு அடுத்த வருஷம் கடலூர் முதுநகரில் ஒரு கிளை திறந்தார். "ஆள் கெடைக்கிற வரைக்கும் நீ உக்காரு" என்றார். கான்வென்டில் பத்து வருஷம் படித்து, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று பேர் வாங்கி, பொறுமை என்ற ஒன்றை மட்டும் எங்கேயும் வாங்காத நான் போய் உட்கார்ந்தேன்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து தை வரைக்கும் எங்கள் பக்கம் ஒரே கேள்விதான். மழையிலும் பனியிலும் சைக்கிள் மிதிக்க என்ன போட்டுக்கொள்வது? சாதாரணக் கேள்வி மாதிரித்தான் இருக்கும். கடைசியில் அதில் ஒருத்தருடைய கால் மாட்டிக்கொண்டது. எங்கள் கடைக்குத் தபால் கொண்டுவரும் தேவநாதன் அண்ணனுடைய கால். அதைக் காப்பாற்றுகிற அளவுக்கு நான் தேறிய கதைதான் இது. முதலில் நான் தோற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பூட்ஸ் தண்ணீர்

முதல் மழைக்காலம். குடிகாடு பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்பவர் ஒருத்தர், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், மழைக்குத் தோதாக ஒன்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? முழங்கால் வரைக்கும் வரும் கறுப்பு கம்பூட்ஸை எடுத்து வைத்து, இதற்குள் ஒரு பொட்டுத் தண்ணீர் போகாது என்று இங்கிலீஷ் கலந்து ஒரு பிரசங்கமே செய்தேன். மறுநாள் காலை வந்தார். இரண்டு பூட்ஸையும் கழற்றி என் மொசைக் தரையில் கவிழ்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. மிதிக்கும்போது முழங்கால் மேலே வருகிறது. மழை அதில் விழுந்து பேன்ட் வழியாக நேரே பூட்ஸுக்குள் இறங்குகிறது. நிற்கிறவனுக்குக் கம்பூட்ஸ் சரி. மிதிக்கிறவனுக்கு அது வாளி.

தரையைத் துடைத்துக்கொண்டே அது ஓட்டை பூட்ஸ் இல்லை என்று நான் வாதாடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கால் உடுற ஓட்டை மேல இருக்குதேம்மா, அத அடைக்கறது யாரு, நீங்களா நானா?"

கடைக்குள் சைக்கிள்

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த என் மாமனாரின் சைக்கிளை எடுத்துவந்து கடை நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். அதற்குப் பிறகு மழைக்கென்று எது வாங்க வந்தாலும் சைக்கிளில் ஏறி உட்கார வேண்டும், பத்துச் சுற்று மிதிக்க வேண்டும், நான் ஒரு சொம்புத் தண்ணீரை முழங்காலில் ஊற்றுவேன். சம்மதமென்றால் வாங்கலாம். இல்லையென்றால் மழை நின்ற பிறகு வரலாம். முதல் வாரம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அப்புறம் வரிசையில் நின்றது.

அந்தச் சைக்கிள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லித் தரவில்லை. அடிப்பாகம் வழவழவென்றிருந்தால் நனைந்த பெடலில் வழுக்கும். குறுக்கே கோடு வேண்டும். குதிகால் பக்கம் ஒரு படி இருந்தால் கால் முன்னால் சறுக்காது. கயிறு கட்டுகிற ஷூ என்றால் கயிறு செயினுக்குள் போகும். லால்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாய் மட்டும், தான் துபாயிலிருந்து கொண்டுவந்த பூட்ஸ்தான் உலகத்திலேயே ஒசத்தி என்றார். முனையில் இரும்பு வைத்தது, ஒவ்வொன்றும் ஒரு அம்மிக்குழவி கனம். அப்படியென்றால் என் கடைக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். வாய்க்கால் கரையில் திரும்பும்போது பூட்ஸ் முனை முன் மட்கார்டில் இடித்து, சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிவிட்டாராம். துபாயில் இதைப் போட்டுக்கொண்டு எப்படி மிதித்தீர்கள் என்றேன். "அங்க சைக்கிள் எங்கம்மா மிதிச்சேன், கம்பெனி பஸ்சுல ஏத்தி எறக்கிவுட்டான்" என்றார்.

வளர்கிற கால்

பிளஸ் ஒன் பெண்களுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுத்தாலும் கொடுத்தது, அம்மாக்கள் பெண்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு அம்மா காடாம்புலியூர்க்காரர், முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. பெண்ணுக்கு ஐந்து நம்பர் கால். அம்மா ஏழு நம்பர் கேட்டார். காலேஜ் முடிக்கும் வரைக்கும் வரணுமாம். முன்னால் துணி அடைத்துக்கொள்ளலாமாம். நான் சொன்னேன், லொடலொடவென்று கிடந்தால் பெடலில் பாதி மிதி ஷூவுக்குத்தான் போகும், சைக்கிளுக்குப் போகாது. இறுக்கமும் ஆகாது. மார்கழிப் பனியில் குளிருகிறது என்று இரண்டு சாக்ஸைத் திணித்துக்கொண்டு வருவார்கள். விரல் அசைய இடமில்லாவிட்டால் இன்னும் விறைக்கும். சாக்ஸோடு போட்டு விரலை ஆட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

அம்மா விடவில்லை. வளர்கிற கால், வளர்கிற கால் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் குரல் ஏறியது. சைக்கிளில் உட்கார்ந்திருந்த பெண் மிதிப்பதை நிறுத்தினாள். "ஆன்ட்டி, எங்கம்மா சொன்னா சொன்னதுதான், நான் வேணா காலக் கொஞ்சம் சீக்கிரமா வளக்கறேன்" என்றாள். அம்மாவே சிரித்துவிட்டார். ஐந்தரை கொடுத்தேன்.

குளிர் தெரியாத கால்

2008 மார்கழி. காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. கடைக்கு வந்த அத்தனை பேரும் கால் விறைக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். தேவநாதன் அண்ணன் தபாலோடு உள்ளே வந்தார். கிராமத்து லைன் அவருக்கு, முப்பது வருஷமாகச் சைக்கிள். "எனக்குக் குளிரும் தெரியாது ஒண்ணும் தெரியாது" என்று எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொன்னார். சர்க்கரை இருக்கிறவர் என்று எனக்குத் தெரியும். சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி தெரியாவிட்டால் அது பெருமை இல்லையே என்று மனசுக்குள் பட்டது. ஷூவைக் கழற்றுங்கள் என்றேன். வேலை கிடக்கிறது என்றார். தபாலைப் பிடுங்கிக்கொண்டேன். கழற்றினார். அடியில் ஒரு ஆணி ஏறி, சாக்ஸ் சிவந்து நனைந்திருந்தது. காலையிலிருந்து அந்த ஆணியை மிதித்துக்கொண்டே ஊர் ஊராகப் போயிருக்கிறார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மருந்துக்குப் புண் கேட்கவில்லை. சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி தபாலோடு வந்தார். இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆபீஸில் உள்ளே உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற வேலை கேட்டுக்கொள்ளுங்களேன் என்றேன். அவர் என் கையில் கவரைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணனுக்கு நாலு வருஷம் சர்வீஸ் இருக்குது, அத சைக்கிள்லயே முடிக்கிற மாதிரி ஒரு பூட்ஸு பாத்துக் குடும்மா."

ஜவுளிக்கடை கவர்

அப்போது சரியானது என் கையில் இல்லை. ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதித் தருகிற எம்.சி.ஆர். செருப்பு அவரிடம் இருந்தது. மெத்தென்று நல்ல செருப்புதான். ஆனால் விரல் வெளியே தெரியும். சேற்றில் சைக்கிள் மிதிக்க அது ஆகாது. அடுத்த ஐப்பசியில் ஒருநாள் வந்தார். ஷூவிலிருந்து ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் எட்டிப் பார்த்தது. உங்கள் ஊரிலும் செய்வார்கள், எனக்குத் தெரியும். காலில் கவரை மாட்டி, அதற்கு மேல் ஷூவை மாட்டி, மழையை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். மழை வெளியே நிற்கும், வேர்வை உள்ளே நிற்கும். அவிழ்க்கச் சொன்னேன். பாதம் ஊறின அவல் மாதிரி வெளுத்து, விரலிடுக்கு வெடிக்கக் காத்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குக் கொடுத்த அத்தனை திட்டையும் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். வயசில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு கவர்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "திட்டறது ஜாஸ்தியா இருக்குது, பூட்ஸுதான் இன்னும் வரல" என்றார்.

பாவாடை

அது சுட்டது. அந்த வாரமே துறைமுகத்தில் மீன் இறக்குகிறவர்கள் போடுகிற மாதிரி குட்டை ரப்பர் பூட்ஸ், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வருவது, இரண்டு ஜோடி வரவழைத்தேன். ஒன்று காயும்போது ஒன்று போட்டுக்கொள்ள. உள்ளே தையல் உறுத்துகிறதா என்று என் விரலாலேயே சுற்றித் தடவிப் பார்த்தேன். சிதம்பரம் கடைக்கு வேலை செய்து கொடுக்கும் அந்தோணியிடம் சொல்லி, அண்ணன் கால் அளவுக்கு, அந்த ஆஸ்பத்திரிச் செருப்புக்குப் போடுகிற எம்.சி.ஆர். ஷீட்டை வெட்டி உள்ளே ஒட்டச் சொன்னேன். சுண்டு விரல் இருந்த இடத்தில் கால் நகராமல் ஒரு சின்ன மெத்தை.

மேலே இருக்கிற ஓட்டை பாக்கி. யார் அடைப்பது என்று நாலு வருஷத்துக்கு முன் ஒருத்தர் கேட்டாரே, அதற்குப் பதில் என் தையல் மிஷினில் இருந்தது. ரெயின்கோட் துணியில், முழங்காலுக்கு மேலே எலாஸ்டிக் வைத்து, பூட்ஸுக்கு வெளியே வழிந்து தொங்குகிற மாதிரி ஒரு குட்டிப் பாவாடை. தண்ணீர் பாவாடையில் இறங்கி வெளியே விழும், பூட்ஸுக்குள் போகாது. சைக்கிளில் மாட்டி மூன்று சொம்பு ஊற்றினேன். உள்ளே வைத்திருந்த செய்தித்தாள் மொரமொரவென்று இருந்தது. எம்ப்ராய்டரி வகுப்பில் என் தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்ட சிஸ்டர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆம்பளை பாவாடை கட்டுவானா என்று அண்ணன் முரண்டினார். ஒன்பது விரலா, மானமா, எது வேண்டும் என்று கேட்டேன். டாக்டரிடம் காட்டிச் சரி என்ற பிறகுதான் தருவேன் என்றும் சொன்னேன். காட்டினார். டாக்டர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, தினமும் பூட்ஸுக்குள் காலை நுழைக்கும் முன் இதே மாதிரி கையை விட்டுப் பார்க்கணும், மத்தியானம் சாக்ஸ் மாற்றணும், சாயந்திரம் பாதத்தை வீட்டுக்காரம்மாவிடம் காட்டணும் என்றாராம். இத்தனையும் சரியாக நடந்து முடிந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தால், மழைக்குக் கிளம்பிய என் கணவர் கையில் மேல் பாதியோடு நின்றார். "என் ரெயின்கோட்டுல மிச்சம் எங்கடி?" என்றார்.

ஒன்பது

2011 கடைசியில் அடித்த புயல் உங்களுக்கு நினைவிருக்கும். பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து, கரண்ட் போய், பஸ் நின்று, தகரமும் ஆணியும் ஓட்டுச்சில்லுமாக ரோடு கிடந்தது. எங்கள் கடைக் கூரை பறந்ததைவிட எனக்கு வேறு ஒரு கவலை. அத்தனை தண்ணீரிலும் ஆணியிலும் தேவநாதன் அண்ணன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்று தெரியும். முதியோர் பென்ஷன் மணியார்டர் பையில் இருக்கும்போது அவர் வீட்டில் உட்கார மாட்டார். ஒரு வாரம் ஆள் வரவில்லை. தபாலும் வரவில்லை. குட்டை பூட்ஸுக்குப் பதிலாக வேறு எதையாவது கொடுத்திருக்க வேண்டுமோ, ஷீட்டை இன்னும் தடியாக வைத்திருக்க வேண்டுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஏழு வருஷத்தில் நான் விற்ற எந்த ஜோடிக்கும் இப்படிக் காத்திருந்ததில்லை.

எட்டாம் நாள் பகலில் வந்தார். தாடி, கிழிந்த சட்டை, பாவாடையில் சேறு. விழுந்த மரங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போட்டு லைன் முழுக்க முடித்துவிட்டாராம். ஸ்டூலைக் காட்டினேன். உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். வலது பூட்ஸ் அடியில் ஒரு ஆணி ரப்பரில் பாதி ஏறி, ஷீட்டைத் தொடாமல் நின்றிருந்தது. இரண்டு சாக்ஸையும் உருவினார். பாதம் காய்ந்து, சுத்தமாக, அப்பளம் மாதிரி இருந்தது. கடையில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். திட்ட ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு காலையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "ஒம்போதும் அப்படியே இருக்குதும்மா, எண்ணிக்கோ."

எண்ணினேன், இரண்டு தரம். ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று உட்கார்ந்த இந்தக் கடைக்கு நானே ஆளாகக் கிடைத்து ஏழு வருஷம் ஆகிற விஷயம்தான் சிதம்பரம் கடைக்காரருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.