தட்டோரத்து முள்

தகரத்தில் அடைத்த சால்மனை நாங்கள் ரின் மீன் என்போம். அதில் கறி வைக்க மொன்றியலில் என்னை வெல்ல ஆள் இல்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒருநாள் சாப்பிட்டுப் பார்க்கட்டும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் தேங்காய்ப்பாலும் கொதித்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். போட்ட பின் கரண்டி வைக்கக் கூடாது. சட்டியைத்தான் ஆட்ட வேண்டும். இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு.

வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷன் மாடி வீட்டில் இருந்த காலத்தில் கிழமையில் பாதி நாள் இதுதான் கறி. ரின் மீனின் முள் நன்றாக வெந்திருக்கும்; கடித்தால் மாவாகும். அதை என் தட்டோரத்தில் ஒதுக்கி வைப்பேன். மகள் கேட்காமலே எடுத்து வாயில் போடுவாள்.

போன மாசியில் மகளின் கல்யாண விஷயம் பேசச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நெடுங்காலமாக இருக்கும் சென்னைக்காரர்கள். சம்பந்தி பொறியியலாளர், சம்பந்தியம்மா டாக்டர். நல்லவர்கள்தான். ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மகள் கொஞ்சக் காலம் அவர்களோடுதான் இருக்கப் போகிறாள். அந்த வீட்டில் அவள் பிள்ளையாக இருப்பாளா, விருந்தாளியாகவே இருந்துவிடுவாளா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

தேநீரும் வடையும் என்றுதான் ஏற்பாடு. மண்டபம் பற்றிப் பேசி முடிப்பதற்குள் பனி கொட்டி, வாசலில் நின்ற காரே தெரியவில்லை. சாப்பிட்டுப் போகலாம் என்று மறித்தாயிற்று. கோழியோ உறைந்து கல்லாகக் கிடந்தது. இருந்தது ரின் மீன்தான். சம்பந்திக்கு ரின் மீன் போடுவது எங்கள் ஆட்களிடம் மரியாதைக் குறைவு. என் கணவர் வெறும் ரின்களைக் கொண்டுபோய்க் கராஜில் ஒளித்துவிட்டு வந்தார்.

"ரின் மீன் எண்டு வாய் திறந்துபோடாதையும்," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு வராது. சட்டியை ஆட்டினேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். சம்பந்தி கறியை இன்னொரு முறை கேட்டு வாங்கினார். சம்பந்தியம்மா மட்டும் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அதை எறியாதேங்கோ. சப்பிப் பாருங்கோ, மாவாக் கரையும். ரின் மீன்ர முள்ளு."

கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அதற்குள், சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த மகள், பழக்கதோஷத்தில் கை நீட்டி அந்த முள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மாமியாராக வரப்போகிறவரின் எச்சில் தட்டிலிருந்து. போட்ட பிறகுதான் அது யாருடைய தட்டு என்று அவளுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பந்தியம்மா கறிக்குள் விரலால் துழாவினார். இன்னொரு முள் அகப்பட்டது. அதைத் தட்டில் மகளுடைய கை எட்டும் பக்கமாக வைத்தார்.

"எடுத்துக்கோம்மா, இங்க இன்னொண்ணு இருக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். என் கறிக்கு நானே குறை சொன்னது அந்த ஒருமுறைதான்.