வலது காது

வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு 'மூக்கு ஆன்ட்டி' என்று பெயர். நாள் முழுக்க வாண்டுகளின் மூக்கைத் துடைத்துவிடுவது அவள்தான். அவர்கள் கடித்து வைத்த ரொட்டியையும் வீணாக்காமல் வாயில் போட்டுக்கொள்வாள். தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். நடுவில் லேசாகக் காய்ச்சல் வந்து போனது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் எடை குறைவாகப் பிறந்தாள். உடம்பெங்கும் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். காதைப் பரிசோதித்த நர்ஸ், கருவியை மறுபடி வைத்துப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட வெளியே போனாள்.

குழந்தையின் சிறுநீரைச் சோதித்த பிறகு டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வயித்துல இருக்கும்போதே ஒரு வைரஸ் தொத்தியிருக்கும்மா. சின்னப் பிள்ளைங்க எச்சில், சிறுநீர் மூலமா பரவுறது. பெரியவங்களுக்கு சும்மா ஜுரம் மாதிரி வந்து போயிடும். கருவுக்குப் போனா காது, கண்ணு, மூளைன்னு பாதிக்கலாம்."

"அப்போ நான்தான் குடுத்துட்டேனா டாக்டர்?"

"எத்தனையோ அம்மாங்களுக்கு வருது, தெரியறதே இல்ல. உங்க தப்பு இல்லம்மா. மருந்து இருக்கு. ஆறு மாசம் விடாம குடுக்கணும்."

மருந்தைக் குழந்தை பாதி துப்பும். மருந்தால் ரத்த அணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்க அடிக்கடி ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். குத்த இடம் தேடும்போது இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டிலோ, தொட்டிலுக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போடுவாள். குழந்தை திரும்பாது. அடுத்து பாத்திர மூடியைப் போடுவாள்.

"பாத்திரமெல்லாம் நசுங்கிப் போச்சும்மா. கொஞ்சம் உக்காரு," என்றார் மாமியார்.

இடது காது அறவே கேட்காது, வலது பாதி கேட்கும் என்று முடிவு வந்தது. வலது காதில் காது கேட்கும் கருவியைப் பொருத்தி, "பாப்பா" என்று கூப்பிட்டாள். குழந்தை கண்ணை அகல விழித்தது, உதட்டைப் பிதுக்கி, ஓவென்று அழுதது.

"உன் குரலைக் கேட்டதும் எனக்கும் இப்படித்தான் வரும்," என்றான் பஸ் ஓட்டும் கணவன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

காது மேலும் மங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின நாள் அவளுக்குச் சோறு இறங்காது. காப்பகத்தில், மாசமாக இருக்கும் தாய்மாரிடம், "பிள்ளை மிச்சம் வச்சத சாப்பிடாதீங்க, கைய நல்லா கழுவுங்க," என்று நச்சரிக்கிறாள்.

போன வாரமும் பரிசோதனைக்குப் போய் வந்தாள். வலது காதில் கேட்பது குறையவில்லை. மகள் தாமதமாகத்தான் நடக்க ஆரம்பித்திருக்கிறாள். ஆனால் பிடித்து நிறுத்த முடியவில்லை.