கோடை அரண்மனையில் என்னைப் பெண் பார்த்தார்கள்

எங்கள் ஊர் மத்திகிரியை ஒட்டியது. அங்கே ஒரு பெண்ணைப் பார்க்க வண்டி வந்தால், புழுதி அடங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். என்னை இரண்டு இடத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். நெய் விட்டு ஒப்பட்டுப் போளி சாப்பிட்டார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறோம்" என்றார்கள், அதோடு சரி. பிறகு கிணற்றடியில் யாரைப் பார்த்தாலும் "என்னாச்சும்மா?" என்ற விசாரிப்புதான். ஆத்திரத்தில் குடத்தை நங்கென்று வைத்து அதை நெளித்தே விட்டேன்.

அம்மா முடிவு கட்டிவிட்டாள். "இனி எவனும் என் வாசப்படி ஏறி ஒப்பட்டு திங்க வாணாம். வெளியில எங்கயாச்சும் வெச்சுப் பாக்கட்டும். பிடிக்கலையா, ஊரு சுத்திப் பாக்கப் போனோம்னு வந்துரலாம்."

இடத்தைச் சொன்னவர் என் தாய்மாமன். பெங்களூரில் கோட்டைப் பக்கம் சுல்தானின் கோடை அரண்மனை. மாப்பிள்ளை வீட்டார் ஆனேக்கல் பக்கத்து விவசாயிகள். இதுவும் தட்டிப்போனால், மத்தூரில் மனைவியை இழந்த ஒருவருக்கு என்னை இரண்டாந்தாரமாகக் கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த மனிதருக்கு ஏறக்குறைய அப்பாவின் வயது.

ஓசூரில் பஸ் ஏறினோம். முதலில் லால்பாக். கண்ணாடி மாளிகையைப் பார்த்ததும் அம்மா, "இத்தினியும் எவ தொடைப்பா?" என்று கவலைப்பட்டாள். அரண்மனையை ஒட்டிய பெருமாள் கோவிலில் எனக்காக வேண்டிக்கொண்டாள். மாமன் எங்களை அரண்மனைக்குள் விட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைத் தேடி மார்க்கெட் பக்கம் போனார்.

அரண்மனை என்றதும் தங்கமும் வெள்ளியுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே எல்லாம் மரம்! வரிசையாகத் தேக்குத் தூண்கள், மேலே வளைவுகள், மங்கிப்போன பூ வேலை. வெளியே கொளுத்துகிற வெயிலுக்கு உள்ளே ஜிலுஜிலுவென்று காற்று. அப்பாவுக்கோ தூண்களைப் பார்த்ததும் பைத்தியமே பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வண்டிக்கு மரம் எடுக்கப் போனால் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, நகத்தால் கீறிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அப்பா நேராகப் போய் ஒரு தூணைத் தட்ட ஆரம்பித்தார். அதே தூணின் மறுபக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே மரம்," என்றார் அப்பா.

"ஒட்டு," என்றார் பெரியவர்.

"எங்கய்யா ஒட்டு? காட்டு பாக்கலாம்!"

"கண்ணு இருந்தா தெரியும்."

"முட்டபேடி, முட்டபேடி!" தொடாதீர்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே காவல்காரர் ஓடி வந்தார். யார் காதில் வாங்குகிறார்கள்? "நீ வாழ்நாள்ல மரம் பாத்திருக்கியா?" என்றார் அப்பா. "உன் வண்டி எந்தப் பள்ளத்துல கவுந்து கெடக்கோ!" என்றார் அவர். பெரியவருக்குப் பின்னால் குடையோடு நின்ற ஓர் இளைஞர், சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார். யாரோ என்னவோ என்று நான் தைரியமாகவே பார்த்தேன். நல்ல முகம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் மாமன் மூச்சிரைக்க வந்து தலையில் கை வைத்தார். "அய்யய்யோ மாமா, இவருதான் மாப்பிள்ளையோட அப்பாரு!"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்தச் சம்பந்தம் வாணாம். கெளம்புங்க."

"நாங்க மட்டும் ஏங்கிக் கெடக்கறமா?" என்றார் அப்பா.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்கு மத்தூர்க்காரரின் நரைத்த மீசை கண்முன் வந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, மரம் வாங்க வந்தீங்களா?" என்று கத்திவிட்டேன். மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் இங்கதான நிக்கறேன்? ஒருத்தராச்சும் என்னப் பாத்தீங்களா?"

பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாய் திறப்பதாவது! அம்மா என் கையைக் கிள்ளினாள். அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா எழுந்து என்னிடம் வந்தார். "இந்த மனுசன இத்தன வருசமா நான் ஒருத்தியாத்தான் அதட்டிக்கிட்டு இருக்கேன். துணைக்கு ஆளு வேணும்," என்று மடியிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தார். பூ வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பெரியவர் உறுமினார், ஆனால் கிளம்பவில்லை.

"இரும்மா," என்றது குடை வைத்திருந்தவரின் குரல். அவருடைய அம்மாவின் கை பூவோடு அப்படியே நின்றது.

"அவங்கள ஒரு வார்த்த கேக்கலியே," என்றார் அவர். என் பக்கம் திரும்பினார். "என்னைய உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

இப்படி ஒரு பெண்ணைக் கேட்டதாக எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. அத்தனை பேர் முன்னால் கத்திய நானே தலையைக் குனிந்து, பூ வைக்கக் கொண்டையைக் காட்டினேன்.