ஐந்தாவது கியரில் இழுக்காத வண்டி

இது நடந்த கதை. நள்ளிரவு, புளியமரம், கொலுசுச் சத்தம் எதுவும் இதில் கிடையாது. அதெல்லாம் வேண்டுமென்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது மண்டையைப் பிளக்கிற ஆவணி வெயிலில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஊரே பார்க்கிற நேரத்தில். நடந்தது பூபாலனுக்கு. அவன் பொய் சொல்கிறவன்தான். ஆனால் தன்னையே மட்டம் தட்டுகிற பொய்யை ஒருநாளும் சொல்ல மாட்டான். அதனால் நம்பலாம்.

திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்குப் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன் பூபாலன். ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்து பிறந்த ஒரே மனிதன் தான்தான் என்று அவனுக்கு நினைப்பு. டிராக்டர்காரனைப் பார்த்தால் சிரிப்பான். பஸ் டிரைவரைப் பார்த்தால் காறித் துப்புவான். "லோடு இன்னான்னு சொல்லாத. கியர்ல கை வச்சா நானே சொல்றேன்" என்பான். அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. வண்டி எந்த கியரைக் கேட்கிறது என்பதை வைத்தே பின்னால் இருக்கிற பாரத்தைச் சொல்லிவிடுவான். அந்தத் திறமை இல்லாத மடையனாக இருந்திருந்தால், அன்றைக்கு அவனுக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கும்.

வீட்டில் அவன் மனைவி ஜெஸ்ஸிக்கு இந்தப் பெருமையெல்லாம் கால் காசு பெறாது. வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கிணற்று மோட்டார் அவர்கள் குடிவந்த நாளிலிருந்தே ஓடவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கிரீஸ் கறை. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் மேலே வந்துவிட்டது. "ஊரான் லோட எட போடுற. ஒரு மோட்டார ஓட வைக்கத் துப்பில்ல" என்று குடம் தூக்கும்போதெல்லாம் அவள் சொல்வாள்.

அவள் வாயை மூட ஒரு வாய்ப்பு வந்தது. நெம்மேலிப் பக்கம் ஒரு ரிசார்ட். அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற அப்துல் சுபஹான் கூப்பிட்டுச் சொன்னார்: "கடப்பாக்கத்துல ஒரு ஃபைபர் படகு வாங்கிகீறோம். டிரெய்லரோட இழுத்துனு வா. கிளட்ச் கருகுன வாசன வரக்கூடாது. ஒழுங்கா கொண்டாந்தா ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ பர்மனென்ட்டு. இல்லன்னா நீ உன் ஐஸ் லோடே அடி."

பூபாலனுக்கு அது போதும். அந்த வேலைக்காக அவன் படகை என்ன, கோட்டையையே இழுத்துக்கொண்டு வந்திருப்பான்.

கடப்பாக்கத்தில் படகை விற்றவர் ஏசுபாதம். கொக்கி மாட்டியாகிவிட்டது. கயிறு கட்டியாகிவிட்டது. பூபாலன் ஏறி உட்கார்ந்தான். ஏசுபாதம் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணாத்த, அஞ்சு நிமிசம். பேர் சொல்லி எறக்கிட்டு அப்பறம் எடு."

"இன்னாத்த எறக்குறது?"

அவர் பின்னால் போனார். படகைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"காலிப் படகுல யாரு குந்திகினு கீறா, எறக்குறதுக்கு? போய்யா யோவ், உங்க கூத்தெல்லாம் ராத்திரியில வச்சிக்க" என்று சிரித்தபடி பூபாலன் சாவியைத் திருப்பினான். பாரம் இழுக்கும்போது முதல் கியரில்தான் எடுக்க வேண்டும், கிளட்சை மெதுவாக விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் அவன். கரையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டாவதில் எடுத்தான்.

வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிட்டது.

பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு முதல் உறுத்தல். மீன்காரன் சிரிக்காமல் விட்டுவிடுகிற காட்சியா இது? முதல் கியரில் போட்டு எடுத்தான். ஏசுபாதம் ஏதோ கத்தியபடி பின்னால் ஓடிவந்தார். இவன் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

தார்ச் சாலைக்கு வந்தான். பன்னிரண்டே கால். இரண்டாவது கியர் போட்டான். இன்ஜின் திணறியது. மறுபடி முதல் கியர். சமதளம். மேடு இல்லை, மணல் இல்லை. பின்னால் இருப்பது படகும் டிரெய்லரும் சேர்ந்து ஒரு டன்கூட வராது. நாலாவதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போக வேண்டிய பாரம். ஆனால் கியர்க் கம்பியில் வைத்த கை வேறு கணக்குச் சொன்னது. நாலு டன்.

ஓரங்கட்டி இறங்கினான். சக்கரத்தில் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதோ என்று தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. ஆனால் டிரெய்லர் டயர்கள் பிதுங்கியிருந்தன. ஸ்பிரிங் பட்டை பாரத்தில் நேராகிக் கிடந்தது. படகுக்குள் தண்ணீர் நிற்கிறதோ என்று ஏறிப் பார்த்தான்.

தண்ணீர் இல்லை. குறுக்குப் பலகைகளில் ஈரம் இருந்தது. நாலு இடத்தில். ஆள் உட்கார்ந்து எழுந்தால் இருக்கிற அகலத்தில்.

அந்த வெயிலில் அது காயவே இல்லை.

"நாத்தம் புடிச்ச படகு" என்று திட்டிவிட்டு ஏறினான். திட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவன் வைத்தியம். முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனான். சைக்கிள்காரன் முந்திப் போனான். டிராக்டர்காரன் ஒருவன் முந்தும்போது திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பூபாலன் வாழ்க்கையில் அப்படி ஒரு கேவலம் பட்டதில்லை.

பரமன்கேணி திருப்பம்.

பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி சட்டென்று முன்னால் பாய்ந்தது. இன்ஜின் இளகிக் கத்தியது. தானாகக் கை இரண்டாவது கியருக்குப் போனது. விழுந்தது. இழுத்தது.

கண்ணாடியில் பார்த்தான். சாலையில் யாரும் இல்லை. திருப்பத்தில் படுத்திருந்த ஒரு நாய் மட்டும் எழுந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, யாரோ முன்னால் நடப்பதுபோல, பின்னாலேயே குப்பத்துச் சந்துக்குள் போனது.

நிறுத்தி ஏறிப் பார்த்தான். பலகையில் ஈரம் மூன்று இடத்தில்.

கூவத்தூரில் மறுபடி 'டொக்'. மூன்றாவது கியர் விழுந்தது. ஈரம் இரண்டு.

இப்போது பூபாலன் திட்டவில்லை. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பாலாற்றுப் பாலத்தில் நிறுத்தவும் பயம், நிறுத்தாமல் போகவும் பயம். சதுரங்கப்பட்டினம் வந்தது...

டொக்.

நாலாவது விழுந்தது. ஐந்தாவது போட்டுப் பார்த்தான். வண்டி நடுங்கியது. இழுக்கவில்லை.

ஒன்று பாக்கி.

கண்ணாடியைப் பார்த்துக் கத்தினான். "எறங்குபா! உன் வூடு எங்கதான் கீது?"

லாரி ஹாரன் மட்டும்தான் கேட்டது.

நெம்மேலியில் அப்துல் சுபஹான் குனிந்து மோந்து பார்த்தார். கிளட்ச் வாசனை இல்லை. "சபாஷ், ஒண்ணாந்தேதி வந்துடு" என்று முதுகில் தட்டினார். படகைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது இரண்டே பேர் தள்ளி லேசாக உருண்டது. படகைத் தலைமுழுகியாகிவிட்டது, இனி தனக்கென்ன என்று பூபாலனுக்கு உயிர் வந்தது. உயிரோடு திமிரும் வந்தது. "பேயாம், மயிராம்" என்றபடி காலி வண்டியைக் கிளப்பினான்.

மாமல்லபுரம் தாண்டி மேற்கே திரும்பினான். காலிச் சாலை. காலி வண்டி.

ஐந்தாவது கியர்.

வண்டி நடுங்கியது.

பின்கண்ணாடி வழியாகச் சாமான் ஏற்றும் தொட்டியைப் பார்த்தான். சுடுகிற இரும்புத் தரை. நடுவில் ஒரு ஈரம்...

அவன் மூளை வேலை செய்தது அப்போதுதான். மூன்று பேரும் அவரவர் ஊரில் இறங்கினார்கள். நாலாவது ஆள் தன்னோடு வருகிறான். வீட்டில் ஜெஸ்ஸி தனியாக இருக்கிறாள். வீட்டுப் பக்கமே நிறுத்தக்கூடாது. அப்படியே செங்கல்பட்டுக்கு விட்டுவிட வேண்டும். எங்கேயாவது, யார் வீட்டிலாவது இறங்கித் தொலையட்டும். அடுத்தவன் வீடு என்றால் பரவாயில்லை அவனுக்கு.

கழுக்குன்றம் வந்தது. மலை தெரிந்தது. அவன் வீடு மெயின் ரோட்டு மேலேயே இருந்தது. பச்சை கேட். வாசலில் ஒரு வேகத்தடை.

நிறுத்தவில்லை. வேகத்தடைக்காக இரண்டாவதுக்குக் குறைத்தான். அவ்வளவுதான்.

டொக்.

வண்டி பஞ்சாகப் போனது.

ஐம்பதடி தள்ளி நிறுத்தினான். வீட்டுக்குள் போகத் துணிச்சல் இல்லை. ஏசுபாதத்துக்குப் போன் போட்டான்.

"யாருய்யா அவங்க?"

"சொல்லச் சொல்லக் கேக்காம எட்த்துனு போன. அந்தப் படகு ஆனியில கவுந்துச்சிப்பா. நாலு பேரு. ஒருத்தர் ஒடம்பும் கெடைக்கல. சொன்னா வாங்க மாட்டாங்கன்னு மறைச்சிட்டேன். கரையிலயே பேர் சொல்லி எறக்குனா அங்கயே எறங்கிடுவாங்க. இல்லன்னா வூடு வர்ற வரைக்கும் குந்திகினு வருவாங்க."

"எந்தெந்த ஊரு?"

"பரமன்கேணி, கூவத்தூரு, சதுரங்கப்பட்டினம். மூணு பேரும் கடலுக்குப் போறவங்க. நாலாவது பையன் கடல்காரனே இல்ல. கார்த்தின்னு மோட்டார் மெக்கானிக்கு. இன்ஜின் ரிப்பேர் பண்ணிட்டு, ஓட்டம் பாக்கக் கூடப் போனான். உங்க கழுக்குன்றம்தான். மெயின் ரோட்ல தனியா வாடகைக்கு இருந்தான். பச்ச கேட்டு வூடு. வாசல்ல ஸ்பீட் பிரேக்கர் இருக்கும்."

பூபாலனுக்குச் சுவிட்சுப் பக்கத்துக் கிரீஸ் கையின் ஐந்து விரல்கள்தான் கண்ணில் நின்றன.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம். கிணற்று மோட்டார் ஓடுகிறது.

ஜெஸ்ஸி வாசலுக்கு வந்தாள். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்லயே, உருப்படியா ஒண்ணு பண்ணிகீற! மெக்கானிக்க உள்ள அனுப்ச்சிட்டு நீ இன்னா ரோட்லயே நின்னுகினு கீற? பாவம், தொப்பலா நனைஞ்சி கீறான். மோட்டார் எங்கன்னு கூடக் கேக்கல. நேரா உள்ள போயி சுவிட்ச போட்டான். இப்ப நம்ம ரூமுல பாய விரிச்சிக்கினு படுத்துனு கீறான்."