மோட்டார் எரிந்த மாதம்

முதல் ஆறு கிலோ சுலபமாகக் குறைந்தது. பிறகு எடை அசையவே இல்லை. ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன், திருவொற்றியூர் கடற்கரையில் நடையைக் கூட்டினேன். முள் நின்ற இடத்திலேயே நின்றது. எரிச்சலில் எடை மிஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அந்த வாரம் எங்கள் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. கீழே அடிபம்பில் அடித்து, மூன்றாவது மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கி நானே டிரம்மை நிரப்பினேன். மாதக் கடைசியில் ஜாக்கெட் தொளதொளத்தது. மிஷினை இழுத்து ஏறி நின்றேன். முள் இறங்கியிருந்தது.

அன்று மாலையே என் வீட்டுக்காரர் மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் பெருமையாக வந்தார்.

"இன்னாமே, இனி உனுக்கு பேஜாரே இல்ல. சுச்சு போடட்டா?"

குடத்தை இடுப்பில் வைத்தேன்.

"மொதல்ல நான் டிரம்மை ரொப்பிக்கிறேன். அதுக்கு முன்ன சுச்சுல கைய வெச்சே, கீது உனுக்கு!"