பொலித்தீன் கழட்டாத ஸ்டூல்

முதல்லயே சத்தியம் பண்ணிப்போட்டுத் தொடங்கிறன். கொச்சிக்கடை அந்தோனியாரைச் சாட்சிக்கு வைச்சுச் சொல்லுறன், இதில ஒரு சொல்லும் பொய் இல்ல. பொய் சொல்லுறதுக்கு எங்கட கடையில மாசச் சம்பளத்துக்குத் தனியா ஆள் இருக்கு. அவையின்ட வேலையை நான் ஏன் பறிப்பான்?

எச்.ஆர். எண்டு ஒரு தொழில் இருக்கே, அது சட்டம் எவ்வளவு உயரத்தில தொங்குதெண்டு அளந்து பார்த்து, முதலாளிமாருக்குக் கீழால குனிஞ்சு போக வழி காட்டுற தொழில். நான் எச்.ஆர். இல்ல. எச்.ஆர். அறைக்குத் தேத்தண்ணி ஊத்துறவள். பேர் ரெஜினா, ஊர் கொட்டாஞ்சேனை. பள்ளிக்கூடமும் நானும் சின்ன வயசிலயே ஆளையாள் கைவிட்டுட்டம். வேலை வெள்ளவத்தையில, காலி வீதியில ஒரு பெரிய சாரிக் கடையில. கீழ கடை, மேல ஒஃபிஸ், நடுவில படி, படியில நான்.

நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால நிண்டு, வீங்கின காலோட பின்னேரம் பஸ் ஏறுற சனமே, இது உங்களுக்குத்தான். சுத்துற கதிரையில இருக்கிற ஆக்களும் வாசிக்கலாம். கொஞ்சம் சுத்தாம வாசியுங்கோ.

காஞ்சிபுரம் வந்திருக்கு

கடையில வேலை செய்யிற பொம்பிளைப் பிள்ளையளுக்கு இருக்கிறதுக்கு ஆசனம் குடுக்கவேணும் எண்டு சட்டத்தில ஒரு வசனம் இருக்காம். எங்கட முதலாளி அந்த வசனத்தைப் பாதி மட்டும் வாசிச்சவர். ஆசனம் வாங்கச் சொன்னது, வாங்கினார். அதில ஆள் இருக்கவேணும் எண்ட மிச்சப் பாதிக்கு அவருக்கு நேரம் கிடைக்கேல்ல. நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல், ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி, வாங்கேக்க சுத்தியிருந்த பொலித்தீன் உறையும் கழட்டாம மேல ஸ்டோர் ரூமுக்குள்ள குந்தியிருக்கும். எங்கட கடையில குந்தியிருக்க அனுமதி உள்ள ஒரே ஆள் ஸ்டூல்தான். ஸ்டோர் ரூம் சாவி அப்ப என்ட இடுப்பில.

லேபர் ஒஃபிசர் செக் பண்ண வந்தா, வாசலில நிக்கிற, சிங்களத்தில தம்பி எண்டு நாங்கள் கூப்பிடுற செக்யூரிட்டி மல்லி தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிவான். அதைக் கண்டவுடன கேஷியர் மைக்கில, "காஞ்சிபுரம் புது ஸ்டொக் வந்திருக்கு" எண்டு சொல்லோணும். அதுதான் எங்கட அபாயச் சங்கு. முதலாளி ஓடிப்போய் ஒஃபிசரை வாசலிலயே மறிச்சுச் சுகம் விசாரிப்பார். நான் பின் படியால ஸ்டூலை இறக்க, பிள்ளையள் ஆளுக்கு ஒண்டாப் பறிச்சு, உறையோடயே கவுண்டருக்குப் பின்னால போட்டு இருந்திடோணும்.

ஒருக்கா மகளுக்குக் கலியாணச் சாரி எடுக்க வந்த ஒரு அம்மா மைக்கைக் கேட்டுட்டு, முதல் ஆளாப் பார்க்கோணும் எண்டு கவுண்டரில வந்து கையை ஊண்டிக்கொண்டு நிண்டா. அவவுக்கு முன்னால ஸ்டூல் பறக்குது, பிள்ளையள் ஓடுகினம், பிறகு எல்லாரும் சாமிப் படம் மாதிரி வரிசையா இருக்கினம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு கேட்டா: "ஏன் பிள்ளை, காஞ்சிபுரம் வந்திருக்கெண்டாங்கள், வந்தது பிளாஸ்டிக்கெல்லோ?"

இருக்கத் தெரியாத பிள்ளையள்

அண்டைக்கு வந்த ஒஃபிசர் நல்ல மனுஷன், தமிழும் கொஞ்சம் கதைப்பார். கவுண்டருக்குக் கிட்ட வந்தார். வந்தவுடன என்ன நடந்தது தெரியுமே? எல்லாப் பிள்ளையளும் விசுக்கெண்டு எழும்பி நிண்டுட்டுதுகள்! பெரிய மனுஷன் வரேக்க இருக்கலாமோ? அது எங்கட சனத்தின்ட ரத்தத்தில ஊறினது. முதலாளி பின்னால நிண்டு கண்ணால கெஞ்சுறார், இருங்கோ இருங்கோ எண்டு. ஒஃபிசரும் கையைக் காட்டி இருக்கச் சொல்லுறார். ஒண்டும் இருக்குதுகள் இல்ல.

கடைசியில இருந்தவள் பவானி மட்டும்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, புருஷனுக்கு மருதானையில ஒரு கராஜில வேலை, ஜிந்துப்பிட்டியில ஒரு அறை எடுத்து இருக்கினம். சாரியை ஒரே உதறில விரிச்சாளெண்டா, வாங்க வராத ஆளும் வாங்கிக்கொண்டுதான் போகும். அவள் இருக்கேக்க பொலித்தீன் சரசரவெண்டு சத்தம் போட்டுது. ஒஃபிசர் குனிஞ்சு பார்த்தார். மனுஷன் சிரிச்சார். பாவம், ஒரு கள்ளமும் நினைக்கேல்ல. பவானியிட்டச் சொன்னார்: "நல்ல புது ஸ்டூல் தானே தங்கச்சி, பத்திரமா வச்சுக்கோங்க."

வச்சுக்கொண்டம். அவர் வீதியைத் தாண்ட முதல் எல்லாம் மேல போயிட்டுது.

கொள்ளுப்பிட்டியில படிச்ச சட்டம்

எங்கட எச்.ஆர். மிஸ் சின்னப் பிள்ளை, கெட்டவள் எண்டு சொல்ல ஏலாது. வந்த புதுசில சட்டத்தையெல்லாம் மூண்டு பாஷையிலயும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில குத்தினவ. லீவு எத்தினை, சாப்பாட்டு நேரம் எத்தினை, ஓவர்டைம் எப்பிடி எண்டெல்லாம். பிள்ளையள் கூடி நிண்டு வாசிச்சுதுகள். அடுத்த நாள் முதலாளி அதுக்கு மேல தீபாவளி தள்ளுபடிப் போஸ்டரை ஒட்டினார். தீபாவளி வரும், போகும். போஸ்டர் மட்டும் போகாது.

பிறகு மிஸ்ஸைத் தொழில் சட்டம் படிக்க எண்டு கொள்ளுப்பிட்டியில ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினாங்கள். ஏசி ஹோலாம், பகலுக்கு பஃபேயாம். ஒரு பையும் ஒரு பேனையும் குடுத்து விட்டிருந்தாங்கள். தேத்தண்ணி குடுக்கேக்க கேட்டன், "மிஸ், இனி எங்கட பிள்ளையள் இருக்கலாம்தானே?" எண்டு. மிஸ் கோப்பையை ஊதி ஊதிக் குடிச்சா. என்ட முகத்தைப் பார்க்கேல்ல. சொன்னா: "ரெஜினா அக்கா, அங்க வந்த எல்லாரும் குறிப்பெடுத்தது சட்டத்தை இல்ல, அது எந்த இடத்தில முடியுதெண்டதை."

பவானி வாய் திறந்து கேட்டது

புதுச் சாரிக்கட்டு உடைக்கேக்க ஒரு மணம் வரும். அந்த மணத்துக்குப் பவானி வாயைப் பொத்திக்கொண்டு ஓட, முதல்ல கண்டுபிடிச்சது நான்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை. அவளுக்கு வேண்டினது ஒண்டே ஒண்டு: பிரசவ லீவு தொடங்குற நாள் வரைக்கும் வேலையில நிக்கோணும். அதுக்கு முதல் தானா விட்டுட்டா லீவும் இல்ல, சம்பளமும் இல்ல, திரும்பி வர இடமும் இல்ல. பிள்ளைத்தாச்சியை அந்தக் காரணத்துக்காக நிப்பாட்ட ஏலாதெண்டு சட்டம் இருக்கு. அது முதலாளிக்கும் தெரியும். அதால அவர் நிப்பாட்டேல்ல. நிக்க விட்டார். காலையில இருந்து இரவு கடை பூட்டுற மட்டும் நிக்க விட்டார்.

கால் யானைக்கால் மாதிரி வீங்கினவுடன அவள் மிஸ்ஸிட்டப் போய், ஒரு ஸ்டூல் மட்டும் கீழ வைக்கட்டோ எண்டு கேட்டாள். மிஸ் அவளைக் கூட்டிக்கொண்டு முதலாளியிட்டப் போனா. நானும் தேவையில்லாம ஒரு தேத்தண்ணியோட உள்ளுக்குப் போனன். முதலாளி சாமிக்குப் பூ வைச்சுக்கொண்டு நிண்டவர், திரும்பாமலே சொன்னார்: "சட்டம் ஸ்டூல் வைக்கச் சொல்லியிருக்கு, வைச்சிருக்கிறன். ஒருத்தி இருந்தா எல்லாரும் இருப்பாளுகள், பிறகு நான்தான் எழும்பி நிண்டு சாரி காட்டோணும்."

வராத ஒஃபிசர்

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. கடைக்குள்ள கால் வைக்க இடமில்ல. நான் கேஷியருக்குத் தேத்தண்ணி கொண்டு போறன். பார்த்தா கேஷியர் சில்லறை மாத்தப் போயிட்டான், மைக் மட்டும் மேசையில படுத்திருக்கு. அங்கால பவானி ஒரு கையால சாரியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால கவுண்டரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். முகம் சுண்ணாம்பு. கஸ்டமர் ஒராள் பச்சையில காட்டு, பச்சையில காட்டு எண்டு நிக்குது. பவானிக்குப் பச்சையும் தெரியேல்ல, ஆளும் தெரியேல்ல.

நான் யோசிக்கேல்ல. யோசிக்கிறது படிச்ச ஆக்களின்ட வேலை. மைக்கை எடுத்து, "காஞ்சிபுரம் புது ஸ்டொக் வந்திருக்கு!" எண்டு ஒரு குரல் வைச்சன் பாருங்கோ, தெகிவளை வரைக்கும் கேட்டிருக்கும். மைக்கை வைச்சுட்டு நானே மேல ஓடி, நானே ஸ்டூலை இறக்கி, முதல் ஸ்டூலைப் பவானிக்குப் பின்னால தள்ளினன். அவள் விழுந்த மாதிரி இருந்தாள். மற்றப் பிள்ளையளும் இருந்துதுகள். முதலாளி வாசலுக்கு ஓடி, சிரிப்பைப் போட்டுக்கொண்டு நிண்டார். செக்யூரிட்டி மல்லி தான் எப்ப தலை சொறிஞ்சவன் எண்டு யோசிச்சு யோசிச்சு மெய்யாவே சொறிஞ்சான்.

ஒஃபிசர் வருவார் வருவார் எண்டு முதலாளி நிக்கிறார். வராத ஆளுக்குக் கூலா ஒரு சோடாவும் எடுப்பிச்சு வைச்சிருக்கிறார். ஒராளும் எழும்பப் பயம், எழும்பச் சொல்லவும் பயம். அந்தத் தீபாவளி நெரிசலுக்குள்ள எங்கட பிள்ளையள் மகாராணி மாதிரி இருந்துகொண்டு சாரி வித்துதுகள். வியாபாரம் ஒண்டும் குறையேல்ல. பவானிக்கு முகத்தில ரத்தம் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி அவளைக் கடந்து போக, பழக்க தோஷத்தில இவள் எழும்பப் போனாள். மனுஷன் பதறிப்போய்ப் பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னார்: "இரு பிள்ளை, இரு! எழும்பினியெண்டா வேலை போகும்!"

விசாரணை

திங்கக்கிழமை எனக்கு டொமெஸ்டிக் இன்குவாயரி. உள்வீட்டு விசாரணை எண்டு அர்த்தமாம். வீட்டில என்ட மனுஷன் செய்யாத விசாரணையோ? மேசைக்கு அங்கால மிஸ்ஸும் முதலாளியும், இங்கால நான். கதிரை தந்தாங்கள். சட்டப்படி தரோணுமாம். இந்தக் கடையில எனக்கு முதல் தரம் கதிரை கிடைச்சது, என்னை வேலையால கலைக்கிறதுக்கு.

பிரச்சினை என்னெண்டா, குற்றத்தை எப்பிடி எழுதுறது? வராத லேபர் ஒஃபிசரை வந்தாரெண்டு சொன்னாள் எண்டு எழுதினா, அந்தச் சங்கு என்னத்துக்கெண்ட கதை வெளியால வரும். மிஸ் எழுதி, வெட்டி, எழுதி, கடைசியா வாசிச்சா: புது காஞ்சிபுரம் ஸ்டொக் வராத நேரத்தில வந்திருக்கெண்டு அறிவிச்சு வாடிக்கையாளரை ஏமாத்தினது. நான் கேட்டன், "அப்ப மிஸ், இவ்வளவு காலமும் அறிவிச்ச நேரமெல்லாம் ஸ்டொக் வந்ததோ?" மிஸ் பேனையை மூடினா. முதலாளி என்னை விட்டுட்டு மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னார்: "இவளிட்ட இருந்து சாவியை வாங்கு, மற்றவளுக்கு ஒரு நல்ல இடம் பார்."

நல்ல இடம்

குற்றத்தை எழுத வழியில்லாததால எனக்குச் சாவி மட்டும்தான் போச்சு, தேத்தண்ணி வேலை தப்பிச்சுது. மற்றவள் எண்டது பவானியை. நல்ல இடம் எண்டது மருதானையில இருக்கிற எங்கட சரக்கு ஸ்டோர். பழைய கட்டிடம், லிஃப்ட் இல்ல, சாரிக்கட்டு மேல் மாடியில, லொறி கீழ. கடையிலயாவது அவள் நிண்டவள். அங்க ஏறினாள், இறங்கினாள். நான் மிஸ்ஸிட்டப் போய், பிள்ளைத்தாச்சிக்கு இது அடுக்குமோ, அங்க ஒரு ஸ்டூலாவது அனுப்புங்கோ எண்டு வாயைத் திறந்து கெஞ்சினன். சிரிக்க ஒரு பகிடியும் விடேல்ல அண்டைக்கு. மிஸ்ஸுக்குக் கண் கலங்கினதைக் கண்டன், அதையும் சொல்லத்தான் வேணும். கலங்கின கண்ணோடயே சொன்னா: "அங்க கவுண்டர் இல்ல, கஸ்டமர் இல்ல, அப்ப அது கடையே இல்ல அக்கா, கடைச் சட்டத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஒரு நாள் நடுப்படியில பவானிக்கு வயிறு இறுகிப்போச்சு. புருஷன்காரன் கராஜ் உடுப்போடயே ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். பிள்ளைக்கு ஒண்டும் இல்ல, அந்தோனியார் புண்ணியம். ஆனா இனிப் படி ஏறினா பிள்ளை தங்காதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வேற இடம் கேட்டாள், இல்லையெண்டாங்கள். பிள்ளையோ வேலையோ எண்டு வந்தா என்ன செய்யிறது? அவளாவே வேலையை விட்டாள், லீவு தொடங்க இன்னும் கொஞ்ச நாள் கிடக்கேக்க. ஒராளும் அவளை நிப்பாட்டேல்ல. சட்டத்தில ஒரு கீறலும் விழேல்ல. உறை கழட்டாத சட்டம்.

ஊரோட போயிட்டவள், போன கிழமை ஹட்டனில இருந்து ஃபோன் எடுத்தாள். பின்னால மழைச் சத்தம், தகரத்தில. சுகம் கேட்டன். கடையில இப்ப மைக்கில காஞ்சிபுரம் சொல்லுறேல்ல, பனாரஸ்தான் சொல்லுறது எண்டன். கொஞ்ச நேரம் சிரிச்சாள். கால் வீக்கம் எப்பிடி எண்டு கேட்டன். பவானி சொன்னாள்: "வீக்கமெல்லாம் வத்திருச்சுக்கா, இப்ப நா நாளு பூரா ஒக்காந்துதான் இருக்கேன், வேலதான் இல்ல."

ஆக, எங்கட சட்டம் எல்லாப் பொம்பிளைக்கும் இருக்க இடம் குடுத்திருக்கு, அதில போய் இருக்கிறதுக்கு வேலையைத்தான் விடவேணும்.

சரி, நீங்கள் இவ்வளவு நேரமும் வடிவாக் கதிரையில இருந்துதானே கேட்டனீங்கள்? நான் நிண்டுகொண்டுதான் சொன்னனான். கதிரை வாடகையையும் என்ட ஓவர்டைமையும் மேசையில வைச்சுட்டு எழும்புங்கோ. ஏமாத்திப்போட்டு ஓடலாமெண்டு பார்த்தா, சாவிதான் பறிச்சவங்கள், தொண்டை இன்னும் என்னட்டத்தான் இருக்கு.